ஷெர்ரி பீப்பாய்ல ஊறுன ஐரிஷ் பாட் ஸ்டில் விஸ்கி: நல்லதா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

வேலந்தாவளத்தான்

வணக்கமுங்க எல்லாத்துக்கும். நீளமான பதிவு, பொறுத்துக்கங்க. நான் இருக்கறது வேலந்தாவளம், செக்போஸ்ட்டுக்கு கேரளா பக்கம், எங்கூட்டு கோழி மேய்றதுக்கு தமிழ்நாட்டுக்கு போயிட்டு சாயங்காலம் கேரளாவுக்கு திரும்பி வரும்னு எங்கப்பா சொல்லுவாரு, அந்த மாதிரி இடம். நமக்கு குடின்னா பாலக்காட்டு சித்தூர் தென்னங்கள்ளு, விசேஷம்னா கேரளா சர்க்கார் சாராயக்கடை பெவ்கோ க்யூவுல நின்னு வாங்கற பிராந்தி, அவ்ளோதான் அனுபவம். விஸ்கின்னா சோடா ஊத்தி மூச்சப் புடிச்சு முழுங்கறதுன்னுதான் இத்தன வருசம் நெனச்சுட்டு இருந்தேன்.

எங்க பெரியம்மா மக அயர்லாந்துல கார்க்ல நர்ஸா இருக்கா. இங்கிருந்து போன சேச்சிமாரு பாதிப்பேரு இப்ப அங்கதானே இருக்காங்க. போன மாசம் லீவுக்கு வந்தப்ப அவ ஊட்டுக்காரர், எனக்கு மச்சான் முறை, ஒரு பாட்டில் கொண்டாந்து குடுத்தாரு. ரெட்பிரெஸ்ட், லுஸ்தாவ் எடிஷன். சிங்கிள் பாட் ஸ்டில், 46 சதவீதம், ஒலொரோசோ ஷெர்ரி பீப்பாய்ல ஃபினிஷ் பண்ணதுன்னு போட்டிருக்கு, ஷெர்ரின்னா ஸ்பெயின் ஒயினாம். இத காய்ச்சற மிடில்டன் டிஸ்டிலரி அவங்க ஊட்டுல இருந்து அரை மணி நேரந்தானாம். "சோடா ஊத்துனேன்னு கேள்விப்பட்டா அடுத்த தடவ வெறுங்கையோடதான் வருவேன்"னு மெரட்டிட்டு போயிட்டாரு.

சரின்னு அன்னிக்கு ராத்திரி மத்திக் கொழம்பும் சோறும் ஒரு புடி புடிச்சுட்டு, களத்துல கயித்துக் கட்டில போட்டு, எவர்சில்வர் டம்ளர்ல ரெண்டு வெரக்கடை ஊத்தி மூக்குகிட்ட கொண்டு போனேன். சுர்ர்னு ஏறுச்சு பாருங்க, கண்ணுல தண்ணி. வாயில வெச்சா மொதல்ல எரிச்சல், அப்புறம் மொளகு மாதிரி ஒரு காரம், கடசீல பாக்கு கடிச்ச மாதிரி தொவர்ப்பு. கூட இருந்த பங்காளி ஒரு வாய் குடிச்சுட்டு "டேய் இது திராட்சத் தண்ணி கலந்த சாராயம்டா"ன்னுட்டு எந்திரிச்சு கள்ளு ஷாப்புக்கு போயிட்டான்.

இப்ப என் சந்தேகம் என்னன்னா, சரக்கு இப்படித்தானா இல்ல எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சா, பாட் ஸ்டில்னா என்ன, ஷெர்ரி ஃபினிஷ்னா அதுக்கு என்ன பண்ணுது, இதுல எது நல்ல அடையாளம் எது கெட்ட அடையாளம், ஒண்ணும் தெரியல. தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க. முக்கா பாட்டில் மிச்சம் இருக்கு.

கிராம்புத்தோட்டம், குலசேகரம்

மக்கா, பாட்டில்ல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் பூரா மத்திக் கொழம்புலயும் டம்ளர்லயும் ஆக்கும்.

மொதல்ல சூடு. ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு எல்லா எடத்துலயும் எழுதி வச்சிருப்பான், அது அவனுக்க வீட்டு ரூம். அயர்லாந்துல 18 டிகிரி இருந்தாலே ஜன்னலைத் தொறப்பான். ஒனக்க ஊர்ல இப்ப ராத்திரி ஒம்பது மணிக்கும் முப்பது டிகிரி இருக்கும், அந்தச் சூட்டுல 46 சதவீத சரக்கை வாய் அகலமான எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துனா ஸ்பிரிட்டுதான் குபுகுபுன்னு எழும்பும், மத்த வாசனை ஒண்ணும் பக்கத்துல வராது. ஊத்தினதும் கிளாசை ஃபிரிட்ஜ்ல ஒரு பத்து நிமிஷம் வையி. ஐஸ் போடாத, ஐஸ் போட்டா வாசனையும் சேந்து உறங்கிப் போவும். கிளாஸ் வாய் குறுகினதா இருக்கணும், அதுக்குன்னே கிளென்கெய்ர்ன்னு ஒண்ணு விக்கான், இல்லன்னா பரவாயில்ல, வயிறு பெருத்து வாய் சிறுத்த ஏதாவது கண்ணாடி கிளாஸ் போதும்.

அப்புறம் மூக்கு. கிளாசுக்குள்ள மூக்கை நுழைக்காத. தாடைக்குப் பக்கத்துல புடிச்சு வாயைக் கொஞ்சம் தொறந்து வச்சுகிட்டு மெதுவா இழு. எரிச்சல் பாதி கொறையும், செஞ்சு பாரு. முதல் வாய வச்சு எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது, அது நாக்குக்கு சொல்லி வைக்கிறதுக்கு. அரை ஸ்பூன் அளவு எடுத்து வாய் முழுக்க ஓட்டி முழுங்கிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா இரு. ரெண்டாவது வாய்தான் கணக்கு.

வெள்ளம் சேக்கணும்னா பிள்ளையளுக்கு மருந்து குடுக்கிற ஃபில்லர் இருக்குல்லா, அதுல சொட்டு சொட்டா விடு. அஞ்சு சொட்டு, மோந்து பாரு, மறுபடி அஞ்சு சொட்டு. எங்கயோ ஒரு எடத்துல சட்டுனு திறக்கும், அதோட நிறுத்திரு. கலங்கின மாதிரி ஆனா பயப்படாத. இந்தச் சரக்கு குளிர வச்சு வடிகட்டாதது, எண்ணெய்ப்பசை உள்ளதான் கெடக்கும்.

இன்னொரு வித்தை. ரெண்டு சொட்டை உள்ளங்கையில விட்டு ரெண்டு கையும் சூடு பறக்கத் தேச்சுட்டு மோந்து பாரு. ஸ்பிரிட்டு பறந்து போயிருக்கும், நிக்கிறது தானியமும் மரமும். நல்ல சரக்குன்னா ஈரக் களத்துல நெல்லு காயப்போட்ட மாதிரி ஒரு வாசனை, அதுக்க மேல பழம். பழம் மட்டும் அடிச்சு தானியத்தையே காணலன்னா அங்க ஒரு சந்தேகம் வச்சுக்க.

நீ சொன்ன காரம் இருக்கே, அது எரிச்சல் இல்ல. அதுதான் பாட் ஸ்டில்லுக்க அடையாளமே. எனக்கு மலையில கொஞ்சம் கிராம்பு நிக்குது, அதனால இதுல கொஞ்சம் கூடுதலா பேசுவேன். கிராம்புக்கு வாசனை குடுக்கிறது யூஜினால்னு ஒரு சாமானம். அதே யூஜினால் ஓக் மரத்துலயும் உண்டு. பச்சை பார்லியில இருந்து ஒரு காரம், மரத்துல இருந்து ஒரு காரம், ரெண்டும் சேந்து நாக்குக்க நடுவுல நிக்கும். நாங்க கிராம்பு வாங்கினா நகத்தால காம்பைக் கிள்ளிப் பாப்போம், எண்ணெய் கசிஞ்சா நல்லது. எண்ணெய் எடுத்த சக்கையை நல்லதோட கலந்து விக்கிறவனும் உண்டு, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், வெள்ளத்துல போட்டா சக்கை படுத்துகிட்டு மிதக்கும். விஸ்கியிலயும் அதே கதைதான், கலரைப் பாத்து ஏமாறாத, நடு நாக்குல எண்ணெய் இருக்கான்னு பாரு.

குடிச்ச கிளாசைக் கழுவாம ராத்திரி அப்படியே கவுத்தாம வையி. காலையில காஞ்ச கிளாசை மோந்து பாரு. ராத்திரி பொய் சொன்ன சரக்கும் காலையில உண்மையைச் சொல்லிரும்.

எஸ் வளைவு, புளியரை

அண்ணாச்சி வெவரமாத்தான் சொல்லிருக்கீய. ஆனா அந்தப் பங்காளி சொன்னதையும் முழுசா தள்ளிர முடியாதுவே.

ஃபினிஷ்னு சொல்றதுல பாதி மேக்கப். சரக்கு இளசா இருக்கும், நாலு வருசம் கூட மரத்துல கெடந்திருக்காது, கடைசி ஆறு மாசம் ஒரு ஈரப் பீப்பாய்ல போட்டு எடுத்து ஷெர்ரி ஃபினிஷ்னு பெரிய எழுத்துல போட்டுருவான், வெல ரெண்டு மடங்கு. கலருக்கு கேரமல் சேக்கவும் ஐரிஷ் சட்டத்துல எடமிருக்கு, அதனால செவப்பா இருந்தா நல்லா ஊறுனதுன்னு நம்பாதிய.

இன்னொண்ணு, ஷெர்ரி பீப்பாய்னதும் எவனோ ஸ்பெயின்காரன் நூறு வருசம் ஒயின் வச்சிருந்த பழம்பீப்பாய்னு நெனப்போம். அதெல்லாம் அந்தக் காலம். முன்னாடி ஷெர்ரியை பீப்பாயோட கப்பல் ஏத்தி அனுப்புவான், காலிப் பீப்பாயை விஸ்கிக்காரன் மலிவா வாங்கிக்கிடுவான். 1980கள்ல ஷெர்ரியை அந்த ஊர்லயே பாட்டில்ல அடைச்சுத்தான் அனுப்பணும்னு ஆயிப்போச்சு, காலிப் பீப்பாய் வரத்து நின்னுபோச்சு. இப்ப விஸ்கிக்காரன் ஆர்டர் குடுத்து புதுப் பீப்பாய் செஞ்சு, அதுல ஒண்ணு ரெண்டு வருசம் ஷெர்ரியை ஊத்தி வச்சு பழக்கி எடுக்கான். புது மண்சட்டிய கஞ்சித்தண்ணி ஊத்திப் பழக்குவோம்லா, அதே வேலதான். சட்டி சமையலுக்கு செஞ்சது, கஞ்சிக்கு இல்லை.

நானும் ஒரு தடவ பட்டிருக்கேன். பேரு வேண்டாம், வேற ஒரு ஊருச் சரக்கு, அதுவும் ஷெர்ரின்னு போட்டதுதான். மச்சினன் துபாய்ல இருந்து கொண்டாந்தான். தொறந்தா சைக்கிள் ட்யூப்புக்கு பஞ்சர் ஒட்டுற கடை வாசனை, கூடவே தீக்குச்சி அணைச்ச பொகை. ஒரு வாரம் தொறந்து வச்சும் போகல. கடைசில கிறிஸ்மஸ் கேக்குக்கு முந்திரிப்பருப்பு, திராட்சை ஊறப்போட குடுத்துட்டேன், கேக்கும் நாறிப்போச்சு. அதுல இருந்து ஷெர்ரின்னு எழுதிருந்தா நான் ரெண்டடி தள்ளித்தான் நிப்பேன்.

கிராம்புத்தோட்டம், குலசேகரம்

அது கந்தகமாக்கும் அண்ணாச்சி. காலிப் பீப்பாய் பூஞ்சை புடிக்காம இருக்க உள்ள கந்தகத்திரி கொளுத்துவான், அது மரத்துல ஏறிக்கிட்டா பின்ன போகாது. கொஞ்சமா இருந்தா சிலருக்கு தெரியவே தெரியாது, என் தம்பி அந்த மாதிரி சரக்கை ரசிச்சுக் குடிப்பான், நான் எழும்பிப் போயிருவேன். பீப்பாய்க்குத் தக்க மாறும், அதனால ஒரு பாட்டிலை வச்சு ஷெர்ரி பூராவையும் தள்ளாதிய.

பழக்கின பீப்பாய்னு சொன்னது சரிதான், ஆனா அது குறை இல்ல. பழக்காத சட்டியில மீன் வச்சா மண்ணு வாசனை அடிக்கும்லா.

ராகிக்களி, பரதராமி

லேட்டா வரேன், மன்னிச்சுக்கோங்க. நம்முளுது குடியாத்தம் சித்தூர் ரோடு, ரெண்டு கிலோமீட்டர் போனா போர்டு எல்லாம் தெலுங்கு. கேள்வி கேட்ட தம்பி பாட் ஸ்டில்னா இன்னான்னு கேட்டாரு, அத யாரும் சொல்லல பா, எல்லாரும் ஷெர்ரியையே புடிச்சி தொங்கறீங்க.

ஸ்காட்லாந்துல சிங்கிள் மால்ட்னா முழுக்க முளைகட்டுன பார்லி. ஐரிஷ் பாட் ஸ்டில்ல முளைகட்டுனதும் முளைகட்டாத பச்சை பார்லியும் கலந்து ஊறப்போடுவாங்க. 2014ல எழுதுன விதிப்படி ரெண்டும் கொறைஞ்சது 30 சதவீதம் இருக்கணும், ஓட்ஸ் ரை மாதிரி வேற தானியம் 5 சதவீதத்துக்கு மேல கூடாது. செம்புப் பானையில காய்ச்சணும், ஒரே டிஸ்டிலரியில காய்ச்சுனா சிங்கிள். மிடில்டன்ல மூணு தடவ காய்ச்சறாங்க. முன்னாடி பியூர் பாட் ஸ்டில்னு எழுதுவாங்க, 2011லதான் சிங்கிள்னு மாத்துனாங்க, பழைய பாட்டில் போட்டோ பாத்து கொழம்பாதீங்க.

பச்சை பார்லி ஏன்னா, வரி. 1785ல அயர்லாந்துல முளைகட்டுன தானியத்துக்கு வரி போட்டாங்க. முளைகட்டாததுக்கு வரி இல்ல. நம்மாளு என்னா பண்ணுவான், அதையேதான் அயர்லாந்துக்காரனும் பண்ணான், முளைகட்டுனத கொறைச்சி பச்சைய ஏத்திட்டான். வரிய ஏமாத்த பண்ணது ருசியாயி, அப்புறம் அதுவே அயர்லாந்து ஸ்டைல் ஆயிடுச்சி.

அது வாயில எப்படி தெரியும்னா ராகிய வெச்சி சொல்றேன். முளைகட்டி அரைச்ச ராகில கஞ்சி வெச்சி பாத்துருக்கீங்களா, எவ்ளோ மாவு போட்டாலும் தண்ணியா ஓடும், ஆனா இனிப்பா இருக்கும். முளைகட்டாத மாவுல கிண்டுனா களி மாதிரி கெட்டியா நிக்கும், கொஞ்சம் கரடா, மண்ணு வாசனையா இருக்கும். முளை விடறப்ப தானியமே தன்ன உடைச்சிக்குது, மாவு சர்க்கரை ஆயிடுது. விஸ்கியிலயும் முளைகட்டுனது இனிப்பு குடுக்கும், பச்சை பார்லி காரமும் அந்த வழவழப்பும் குடுக்கும். பாட் ஸ்டில்ல வாயில வெச்சா நெய் தடவுன மாதிரி ஒரு கனம் தெரியணும். பச்சை ஆப்பிள், சுக்கு, கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் மாதிரி ஒரு வாசன. அது இல்லனா பாட் ஸ்டில்னு எழுதறதுக்கே அர்த்தம் இல்ல.

இப்ப ஷெர்ரிக்கு வரேன். எஸ் வளைவு அண்ணன் சொல்ற ஆறு மாச மேக்கப் சரக்கு மார்க்கெட்ல நெறைய இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா தம்பி கையில இருக்கறது அது இல்ல. அது மொதல்லயே போர்பன்னு சொல்ற அமெரிக்க விஸ்கி பீப்பாயிலயும் ஷெர்ரி பழக்குன பீப்பாயிலயும் 9 லேர்ந்து 12 வருசம் கெடந்த சரக்கு, அதுக்கு அப்புறந்தான் ஸ்பெயின்ல ஹெரெஸ் ஊர்ல இருக்கற லுஸ்தாவ் ஒயின்காரங்க ஒலொரோசோ ஊத்தி பழக்குன பெரிய பீப்பாய்ல இன்னும் ஒரு வருசம். 2016ல வந்தது. அந்த வாய் வறள்ற தொவர்ப்பு ஐரோப்பா ஓக் மரத்துலேர்ந்து வர்றது, டீத்தூள் அதிகமா போட்டா வரும்ல அதே சமாச்சாரம். ஒலொரோசோவே இனிப்பு ஒயின் இல்ல தெரியுமா, வறட்டு ஒயின். காத்து பட விட்டு பழுக்க வெப்பாங்க, அதனால அக்ரூட் பருப்பு, காஞ்ச திராட்சை, பழைய மரப்பெட்டி வாசன. பாகு மாதிரி இனிக்கறது பெட்ரோ ஹிமெனெஸ், அது வேற திராட்சை. பங்காளி திராட்சத் தண்ணின்னாரே, அவரு ஒருவேள அத நெனச்சிட்டாரு போல.

என் கணக்கு சிம்பிள் பா. சாம்பாருக்கு தாளிச்சா சாம்பார் மணக்கணும், தாளிப்பே கரண்டி கரண்டியா வாயில வந்தா யாரு திம்பாங்க. முன்னாடி திராட்சை வரட்டும், பின்னாடி அக்ரூட் தொவர்ப்பு வரட்டும், நடுவுல பார்லி காரம் நிக்குதா, அது மட்டும் போதும் எனக்கு. முன்னயும் பின்னயும் பழமாவே இருந்து நடுவுல பள்ளமா இருந்தா ஃபினிஷ் ஜெயிச்சி சரக்கு தோத்துடுச்சின்னு அர்த்தம்.

முடிஞ்சா மச்சான் அடுத்த தடவ வரும்போது அதே கம்பெனி 12 வருசத்த கொண்டாரச் சொல்லுங்க. அது 40 சதவீதம், இந்த கடைசி ஒரு வருச குளியல் இல்லாதது. ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஃபினிஷ் இன்னா பண்ணுச்சின்னு கண்ணாடி மாதிரி தெரியும். ஒண்ணு மட்டும், 40ம் 46ம் நேரா மோத விடாதீங்க, கெட்டி சரக்கு எப்பவும் நல்லா இருக்கற மாதிரி ஏமாத்தும், 46ல கொஞ்சம் தண்ணி சேத்து கீழ எறக்கிட்டு பாருங்க.

எஸ் வளைவு, புளியரை

9 லேர்ந்து 12 வருசம்னா சரி, அது மேக்கப் கணக்குல வராது, ஒத்துக்கிடுதேன். ஆனா பாட்டில்ல வயசு போடலியே வே, ஏன் போடல? வயசு போடாத சரக்கை நான் கேள்வி கேட்கத்தான் செய்வேன்.

ராகிக்களி, பரதராமி

கேளுங்கண்ணா, தப்பே இல்ல. லேபிள்ல போட்டா இருக்கறதுலயே இளசு எதுவோ அந்த வயசத்தான் போடணும். பத்துன்னு போட்டா பன்னண்டு பக்கத்துல சின்னதா தெரியும்னு போடாம உட்டுருப்பாங்க, இது என் யூகந்தான். வயசு பாத்து குடிக்கறத உட்டு நாலு வருசம் ஆச்சி எனக்கு. எங்க பக்கத்து பெங்களூர்ல இருக்கற அம்ருத் விஸ்கி கம்பெனில மூணு வருசத்துலயே கண்ணு முன்னாடி பீப்பாய்ல கால்வாசிக்கு மேல ஆவியாயி போவுது, அயர்லாந்துல வருசத்துக்கு 2 சதவீதம் போனா பெருசு. அங்க 9 வருசம்னா மரத்தோட அவசரமில்லாம பேசியிருக்குன்னு அர்த்தம்.

வேலந்தாவளத்தான்

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்னத எல்லாம் ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னுதான் பத்து நாள் சத்தமில்லாம இருந்தேன்.

மத்திக் கொழம்பு இல்லாத நாளா பாத்து வெள்ளிக்கெழம சாயங்காலம் உக்காந்தேன். பொண்டாட்டி அஞ்சறைப்பொட்டிய தூக்கிட்டு வந்தத பாத்து, என்னமோ மந்திரம் பண்றேன்னு அம்மா நெனச்சுட்டாங்க. ஒரு தட்டுல காஞ்ச திராட்சை, பேரீச்சம்பழம், சுக்கு, கிராம்பு, ஒரு துண்டு கொப்பரை, டீத்தூள், அக்ரூட் நம்மூட்ல ஏது, அக்கா கொண்டாந்த டப்பாவுல நாலு கெடந்தது அதையும் வெச்சுட்டேன். இது நானா யோசிச்சது, ஒண்ண மோந்துட்டு கிளாச மோந்தா பேரு கண்டுபுடிக்க சுலுவா இருந்துச்சு. பேரு தெரியாம மூக்குக்கு மட்டும் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

கிளாஸ், அது கோயமுத்தூர்ல கல்யாணத்துக்கு குடுத்த ஐஸ்க்ரீம் கிளாசுங்க, வாய் கொஞ்சம் குறுகலா இருக்கும். பத்து நிமிசம் ஃபிரிட்ஜ். சத்தியமா சொல்றேன், அதே பாட்டில்தானான்னு திருப்பிப் பாத்தேன். சுர்ருனு ஏறலைங்க. மொதல்ல பேரீச்சை, அப்புறம் கல்யாண ஊட்ல லட்டு புடிச்சு வெச்ச ரூமுக்குள்ள நொழைஞ்ச மாதிரி ஒண்ணு. கொப்பரைய மோந்துட்டு வந்தா அடீல கொஞ்சூண்டு தேங்கா கூட இருக்கு, அது எங்கிருந்துங்க?

கையில தேச்சுப் பாத்தேன். நெல்லுன்னு சொன்னீங்க, எனக்கு எங்க பாட்டி மொறத்துல சோளம் பொடைக்கும்போது பக்கத்துல உக்காந்தா வருமே தூசி, அந்த வாசம் வந்துச்சு. அம்மாகிட்ட கைய நீட்டுனேன், என்னன்னு சொல்லாம. "பழைய குதிருக்குள்ள வெல்லம் வெச்ச மாதிரி இருக்குது, எங்கடா போயி கைய உட்ட"ன்னாங்க. எனக்கு இத்தன வாத்த தெரியலீங்க, அவங்க ஒரே வரீல சொல்லிப்போட்டாங்க.

வாயில வெச்சப்ப ரெண்டாவது வாய்தான் கணக்குன்னத ஞாபகம் வெச்சுகிட்டேன். முன்னாடி திராட்சை, உடனே அந்த நெய்க் கனம், நடுவுல சுக்கும் கிராம்பும் பளீர்னு நிக்குது, பள்ளம் இல்ல ராகிக்களிண்ணா, மேடுதான். கடைசீல அதே பாக்குத் தொவர்ப்பு, ஆனா இந்த வாட்டி அது புடிச்சுது. ஃபில்லர்ல பதினஞ்சு சொட்டுல நல்லா இருந்துச்சு, பேராசப்பட்டு இருவத்தஞ்சு உட்டேன், நீர்த்துப் போச்சு. காரம் கொறைஞ்சு தொவர்ப்பு மட்டும் தனியா நிக்குது, அது நல்லால்ல.

எனக்கு ஒரு கொறை மட்டும் தோணுது, தப்புன்னா சொல்லுங்க. மூக்குல காட்டுன அந்த பேரீச்சை அளவுக்கு வாயில இனிப்பு வரல. மூக்கு விருந்துக்கு கூப்புட்டுட்டு வாயில கொஞ்சம் கணக்கு பாத்து பரிமாறுன மாதிரி.

காலைல காஞ்ச கிளாஸ்ல திராட்சை சுத்தமா இல்லீங்க. மரமும், லேசா தேனும், அந்த சோளத் தூசியும்தான்.

பங்காளிய மறுபடி கூப்புட்டு இதே மாதிரி குடுத்தேன். ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது தடவ கிளாஸ நீட்டுனான்.

கிராம்புத்தோட்டம், குலசேகரம்

அம்மைக்கு எனக்க ஒரு கும்பிடு சொல்லு. குதிருக்குள்ள வெல்லம்! இருவது வருசமா குடிக்கேன், எனக்கு இது தோணலியே.

தேங்காய் போர்பன் பீப்பாய்ல இருந்து. அமெரிக்க ஓக் மரத்துக்கு அந்த கொணம் உண்டு, வெனிலாவும் தேங்காயும். ஷெர்ரிக்கு அடியில அது இன்னும் தெரியுதுன்னா ஃபினிஷ் பழசை மூடலன்னு அர்த்தம். அதைத்தான் நான் மொத மார்க்கா போடுவேன்.

நீ சொன்ன குறை குறைதான், எனக்கும் தோணினது. ஆனா மூக்குக்கு ஏத்த இனிப்பு வாயிலயும் வேணும்னா ஹிமெனெஸ் பீப்பாய்க்குத்தான் போணும், அங்க போனா நடுவுல உள்ள கிராம்பு போயிரும். எனக்கு கிராம்பு போதும்.

பாட்டிலை நிமித்தியே வையி, ஒயினுபோல படுக்க வைக்காத, சரக்கு கார்க்கைத் தின்னுரும். வெயில் படாத அலமாரி. பாதிக்குக் கீழ வந்தா காத்து புகுந்து மெல்ல மங்கும், சின்ன பாட்டில்ல நெறைய ஊத்தி மாத்திக்க.

எஸ் வளைவு, புளியரை

எனக்கு ஒரு வாய் எடுத்து வைங்க தம்பி, பாலக்காட்டு ட்ரெயின்ல ஒரு நாள் வாரேன். வண்டி ஓட்டிட்டு வரமாட்டேன், பயப்படாதிய. ட்யூப் வாசனை அடிச்சா மட்டும் மொகத்துக்கு நேரா சொல்லிருவேன்.

வேலந்தாவளத்தான்

வாங்கண்ணா, தாராளமா. ஆனா சீக்கிரம் வாங்க, பங்காளி தெனம் சாயங்காலம் ஆனா "அந்த ஐஸ்க்ரீம் கிளாஸ் எங்கடா"ன்னு கேட்டுட்டு வந்து நிக்கறான். கால் பாட்டில்தான் மிச்சம்.